ஊதினால் மட்டும் போதுமா? லாரி எஞ்சினுக்குள் டர்போ வந்த கதை

பழைய லாரிகளை வாங்கிச் சரிசெய்து ஓட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது. "எஞ்சின் அப்படியே இருக்கட்டும். ஃப்யூயல் இஞ்செக்‌ஷனும் ஒரு டர்போவும் மாட்டிட்டா புது வண்டி மாதிரி இழுக்காதா?" இந்த ஆசை லாரிக் கம்பெனிகளுக்கும் இருந்ததுதான். ஆனால் அது கைகூட அரை நூற்றாண்டு ஆச்சு. ஏன் அவ்வளவு காலம் என்பதுதான் இன்றைய கதை.

1905-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் பூஹி என்ற 26 வயது எஞ்சினியர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறார். எரிபொருள் தரும் வெப்பத்தில் பெரும் பகுதி புகையோடு வெளியே போய்விடுகிறது. அந்தப் புகையை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுற்ற வைத்து, அந்தச் சக்கரத்தால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளினால் என்ன? இவ்வளவுதான் யோசனை. இன்று நாம் டர்போ என்று சொல்வதும் இதையேதான்.

ஆனா ஒண்ணு பாருங்க. ஊதுகுழலால் ஊதினால் அடுப்பு நன்றாக எரியும், சரி. விறகு இல்லாத அடுப்பை எவ்வளவு ஊதி என்ன பயன்? கூடுதல் காற்றுக்கு ஏற்ற கூடுதல் எரிபொருள், சரியான நொடியில், சரியான அளவில் உள்ளே போக வேண்டும். அன்று லாரிகளில் இருந்த கார்புரேட்டருக்கு அந்தத் துல்லியம் கிடையாது. பெட்ரோல் எஞ்சினில் இன்னொரு தொல்லையும் உண்டு. பெட்ரோலும் காற்றும் கலந்தே உள்ளே போவதால், அழுத்தம் கூடக் கூட அந்தக் கலவை நேரம் தவறித் தானாக வெடிக்கும். 'நாக்கிங்' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். பிஸ்டனையே அது தின்றுவிடும்.

டீசலில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே முதலில் அழுத்தப்படுவது வெறும் காற்று. எரிபொருள் கடைசியில்தான் வருகிறது. ஆனால் ருடால்ஃப் டீசலின் எஞ்சினில், எண்ணெயை உள்ளே பீய்ச்சுவதற்கே அழுத்தப்பட்ட காற்று தேவைப்பட்டது. அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரஸர். கப்பலிலோ மின் நிலையத்திலோ வைக்கலாம். லாரியில் எங்கே வைப்பது?

ஸ்வீடனில் ஒரு குறுக்கு வழி பிறந்தது. 1925-இல் யோனாஸ் ஹெஸ்ஸல்மன் உருவாக்கிய எஞ்சின் கிட்டத்தட்ட பெட்ரோல் எஞ்சின் மாதிரியே இருக்கும். ஸ்பார்க் ப்ளக் உண்டு, ஆனால் மலிவான கனமான எண்ணெயைப் பம்ப் மூலம் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். 1930-களில் வோல்வோ லாரிகளில்கூட இது வந்தது. செலவு குறைந்தது உண்மை. ஆனால் எஞ்சின் சற்று ஆறினாலும் எண்ணெய் முழுசாக எரியாது. ப்ளக்கில் கரி பிடிக்கும், புகை தள்ளும். பழைய எஞ்சினில் இஞ்செக்‌ஷனை ஒட்டவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உண்மையான திருப்பம் ஜெர்மனியில் நடந்தது. 1927-இல் பாஷ் நிறுவனம் டீசல் இஞ்செக்‌ஷன் பம்பைப் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது. அந்தப் பம்பின் சின்ன உலக்கைக்கும் அதன் உறைக்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளிதான். அவ்வளவு நுணுக்கமாக உலோகத்தைக் கடைந்து, ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்ய முடிந்த பிறகுதான் டீசல் எஞ்சின் லாரிக்குப் பரவலாக வந்தது.

பூஹியின் டர்போ அதற்குள் கப்பலேறிவிட்டது. 1920-களில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் எஞ்சின்கள் அதன் உதவியால் 1,750 குதிரைசக்தியிலிருந்து 2,500-க்கு உயர்ந்தன. லாரிக்கு வர இன்னும் தாமதம். 1938-இல் சுவிஸ் கம்பெனியான சௌரர் டர்போ வைத்த லாரி எஞ்சினைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே உலகப் போர். 1954-இல்தான் வோல்வோ தன் 'டைட்டன்' லாரியில் டர்போவைப் பொருத்தியது. அதே 9.6 லிட்டர் டீசல் எஞ்சின், 150 குதிரைசக்தியிலிருந்து 185-க்கு வந்தது. எஞ்சினைப் பெரிதாக்காமலே கிட்டத்தட்ட கால்பங்கு சக்தி கூடுதல்! காப்புரிமை விண்ணப்பத்திலிருந்து கணக்குப் போட்டால் 49 வருஷம்.

இந்த வரிசையை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. முதலில் துல்லியமான இஞ்செக்‌ஷன், அப்புறம் வெப்பத்தைத் தாங்கும் உலோகம், அதன் பிறகே டர்போ. நிமிஷத்துக்குப் பல பத்தாயிரம் தடவை சுற்றும் அந்தச் சக்கரத்தின் தண்டு ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் நிற்கிறது. ஆயில் அழுக்கானாலோ நின்றாலோ சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். கூடுதல் அழுத்தம் ஹெட் கேஸ்கெட்டையும் பிஸ்டனையும் பேரிங்கையும் சோதிக்கும்; கூடுதல் சூட்டை ரேடியேட்டர் இறக்கியாக வேண்டும்.

அதனால் பழைய லாரிக்கு டர்போ வாங்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: முதலில் பம்பைப் பாருங்க, ஆயில் ஓட்டத்தைப் பாருங்க, கூலிங்கைப் பாருங்க. கூடவே பிரேக்கையும் பாருங்க. ஏறும் வேகம் கூடினால், நிறுத்தவும் தெரிந்திருக்கணும் இல்லையா?