டில்லி கண்ட கடலும் எமது கடலும்

டிசம்பர் பிறந்தால் பேஸ்புக்கில் ஒரு கதை சுற்றத் தொடங்கும். லீவுக்குப் போன ஒரு வெள்ளைக்காரச் சிறுமி, கடல் உள்வாங்குவதைக் கண்டு "சுனாமி வருகிறது" என்று கத்தி நூறு பேரைக் காப்பாற்றினாள் என்று. கதை உண்மைதான். ஆனால் முக்கியமான ஓர் இடம் அதில் மாறிப் போய்விட்டது. கிழக்குக் கரையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நாங்கள் அந்த இடத்தைத் திருத்திச் சொல்லியாக வேண்டும்.

டில்லி ஸ்மித்துக்கு அப்போது 10 வயது. இங்கிலாந்தின் சரே பகுதியிலிருந்து தாய், தந்தை, தங்கையோடு தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குக் கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வந்திருந்தாள். 2004 டிசம்பர் 26 காலை, மை காவ் கடற்கரையில் எல்லோருமாக நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கிழமைக்கு முன்னர்தான் அவளுடைய புவியியல் ஆசிரியர் அன்ட்ரூ கியர்னி, 1946இல் ஹவாய்த் தீவுகளைத் தாக்கிய சுனாமியின் படத்தை வகுப்பில் போட்டுக் காட்டியிருந்தார்.

அவள் கண்டது என்ன? பின்னர் அவளே சொன்னதைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் நுரைத்துப் பொங்கிக் கொண்டிருந்தது. அலை வந்தது, திரும்பிப் போகவில்லை. மேலும் மேலும் உள்ளே வந்துகொண்டே இருந்தது. அவளை உலுக்கியது அதுதான். தாய் முதலில் நம்பவில்லை. இவள் கத்தி அழத் தொடங்கினாள். தந்தை ஹோட்டல் காவலாளியிடம் விடயத்தைச் சொன்னார். பக்கத்தில் நின்ற ஜப்பானியர் ஒருவர், சுமாத்திராவில் நிலநடுக்கமாம், பிள்ளை சொல்வது சரியாக இருக்கலாம் என்றார். கடற்கரை வெறுமையானது. அந்தக் கரையில் எவரும் இறந்ததாகப் பதிவில்லை.

தாய்லாந்தின் பல கரைகளில் கடல் பின்வாங்கியது மெய்யே. அதற்குக் காரணமும் உண்டு. கடலடித் தட்டு உடைந்தபோது மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. ஆகவே கிழக்கே இருக்கும் தாய்லாந்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அலையின் பள்ளம். மேற்கே இருக்கும் எமக்கு முதலில் வந்து சேர்ந்தது அலையின் மேடு! எமது கரையில் கடல் வற்றியதெல்லாம் முதல் அலை வந்து போன பிறகுதான்.

அப்படியானால், "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று மட்டும் பாடமாக்கிய மருதமுனைப் பிள்ளை எதைப் பார்த்து ஓடும்? அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இழந்தவர்கள் நாங்கள். இந்தக் கேள்வியை விளையாட்டாகக் கேட்கவில்லை.

பெரலியவில் நடந்தது இன்னொரு பாடம். முதல் அலை வந்து ரயில் நின்றது. ரயில் பாதுகாப்பான இடம் என்று நினைத்து ஊர் மக்களும் அதில் ஏறிக்கொண்டார்கள். அடுத்து வந்தது அதைவிடப் பெரிய அலை. ஆயிரத்துக்கும் அதிகமானோர் அங்கேயே மாண்டார்கள்.

அச்சேக்குப் பக்கத்திலுள்ள சிமெலு தீவு முஸ்லிம்களிடம் "ஸ்மோங்" என்று ஒரு சொல் இருக்கிறது. 1907ஆம் ஆண்டு அலையில் பட்ட அடியை மூத்தவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வந்தார்கள். 2004இல் நிலம் குலுங்கியதுமே தீவே மலைக்கு ஏறிவிட்டது. பல்லாயிரம் பேர் வாழும் அந்தத் தீவில் மௌத்தானவர்கள் ஏழு பேர்தான் என்கிறார்கள். பொறாமைப்பட வேண்டிய ஞாபக சக்தி. ஆனால் அவர்களின் அடையாளத்தையும் நாங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சுமாத்திராவில் நிலம் நடுங்கியது எமது நேரம் காலை 6.59க்கு. அன்று போயா, ஞாயிற்றுக்கிழமை வேறு. இங்கே பெரும்பாலானோர் எதையும் உணரவில்லை. கடல் வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த நேரம் சும்மா கழிந்து போனது.

எமக்கென்று ஒரு ஞாபகம் இருந்திருக்கிறது, அதைத்தான் தொலைத்துவிட்டோம். 1883 ஆகஸ்ட் 27, கிரகடோவா எரிமலை வெடித்த நாள். காலியில் கடல் பின்வாங்கியதை ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதே நாள் அறுகம்பையில், முகத்துவாரத்து மணல்மேட்டை முஸ்லிம் பெண்களும் பிள்ளைகளும் நெல்லோடு கடந்துகொண்டிருந்தார்கள். கடலிலிருந்து எழுந்த அலை மேட்டுக்கு மேலால் வந்து அவர்களை உள்ளே அடித்துக்கொண்டு போனது. தோணியில் வந்தவர்கள் தூக்கி எடுத்தார்கள். நெல் போய்விட்டது. ஒரு பெண் பின்னர் மௌத்தானார். கிரகடோவா பற்றி லண்டனில் வெளியான அறிக்கையில் இந்தச் சம்பவம் இருக்கிறது. எமது பாடப் புத்தகத்தில் இல்லை.

இந்த டிசம்பரில் டில்லியின் கதையைச் சொல்லும் ஆசிரியர்கள், பக்கத்திலேயே இதையும் வைத்துச் சொல்லுங்கள். பொத்துவில் பிள்ளைகளுக்கு அந்த முகத்துவாரம் தெரிந்த இடம்தானே.