பழைய பக்கங்களை எச்.ரி.எம்.எல் 5க்கு மாற்ற வேண்டுமா?

போர்க்காலத்தில் பதிவேற்றப்பட்ட தமிழ் இணையப் பக்கங்கள் சிலவற்றை இன்று திறந்தால் காணொளி இருந்த இடத்தில் வெற்றுப் பெட்டிதான் தெரிகிறது. வேறு சிலவற்றில் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். இவற்றைப் புதிய நியமத்துக்கு மாற்றுவதா, அப்படியே விடுவதா?

எது தலைப்பு, எது பந்தி, எது படம் என்பதை உலாவிக்குச் சொல்லும் குறிமொழிதான் எச்.ரி.எம்.எல். வலை நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2000ஆம் ஆண்டில் எக்ஸ்.எச்.ரி.எம்.எல் என்ற கண்டிப்பான வடிவத்தைப் பரிந்துரைத்தது. அதனை முறைப்படி வழங்கினால், ஒரு குறியை மூட மறந்தாலே பக்கத்துக்குப் பதில் பிழைச்செய்தி வரும். 2004இல் அப்பிள், மொசில்லா, ஒபேரா ஆகியவை வேறு வழியில் சென்றன. ஏற்கெனவே எழுதப்பட்ட பக்கங்களை உடைக்கக்கூடாது என்பது அவற்றின் நிலைப்பாடு. அதிலிருந்து வளர்ந்த எச்.ரி.எம்.எல் 5ஐ 2014 ஒக்டோபரில் டபிள்யூ3சியும் பரிந்துரைத்தது.

ஆகவே வெறும் எழுத்தும் படமும் கொண்ட பழைய பக்கங்களுக்கு அவசரமில்லை. அவை இன்றும் திறக்கும்.

அவசரம் காணொளிகளுக்குத்தான். அக்காலத்தில் அவை பெரும்பாலும் பிளாஷ் மூலமே ஓடின. பிளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31உடன் நிறுத்தியது. ஒரு தாயின் சாட்சியம் வழங்கியில் கோப்பாக இன்னும் இருக்கலாம். அதனை ஓட்டும் கருவிதான் இல்லை. எம்பி4 ஆக மாற்றி, எச்.ரி.எம்.எல் 5இன் காணொளிக் குறிக்குள் வைத்தால் கைத்தொலைபேசியிலும் பார்க்கலாம்.

எழுத்துருச் சிக்கலுக்குக் குறிமொழியை மாற்றுவது மட்டும் தீர்வாகாது. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்டவை கணினிக்கு ஆங்கில எழுத்துகளே. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் பெயரை யுனிகோட்டில் தேடும் உறவினருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழாக்கிக் குழப்பிவிடும். பெயர்ப் பட்டியல்களை, எவ்வளவு நீளமானாலும், ஒருவர் மூலத்துடன் ஒப்பிட்டு வாசித்தே ஆகவேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தால் வேறொருவரின் பெயராகிவிடும்.

மூலக் கோப்பை அழிக்கக்கூடாது. திகதியையும் முகவரியையும் மாற்றவும் கூடாது. அறிக்கைகளிலும் முறைப்பாடுகளிலும் அந்த முகவரி ஏற்கெனவே குறிப்பிடப்பட்டிருக்கலாம்.