பேர் மாத்தி நடிக்கிற ஊர்

அமெரிக்காவுல உட்டா மாநிலத்தோட கிழக்கு ஓரத்துல கிராண்ட் கவுன்ட்டின்னு ஒண்ணு இருக்கு (கவுன்ட்டின்னா ஏறக்குறைய நம்ம மாவட்டம்). அதோட தலைமையிடம் மோவாப். சிவப்புப் பாறை, கொலராடோ ஆறு, வெயில். இதை வச்சு என்ன பிழைப்பு நடத்த முடியும்? சினிமாவுக்கு வாடகைக்கு விடலாம்!

வழி காட்டினவர் தெற்கே மான்யுமென்ட் வேலியில கடை வச்சிருந்த ஹாரி கோல்டிங். பொருளாதாரப் பெருமந்தத்துல நவாஹோ மக்களும் அவரும் திண்டாடிக்கிட்டிருந்த நேரம். 1938ல அந்த இடத்தோட போட்டோக்களைத் தூக்கிக்கிட்டு ஹாலிவுட்டுக்கே போயிட்டார் மனுஷன். இயக்குநர் ஜான் ஃபோர்ட் அதைப் பார்த்துட்டு வந்து எடுத்த 'ஸ்டேஜ்கோச்' 1939ல வெளியாச்சு. நவாஹோக்களுக்குக் கூலி கிடைச்சது. ஆனா திரையில அவங்க அப்பாச்சிகள்! வேற இனத்துக்காரங்களா நடிச்சாத்தான் சோறு.

1949ல மோவாப்லயும் ஜார்ஜ் வைட்ங்கிற பண்ணைக்காரர் முயற்சியில சினிமாவை வரவழைக்க ஒரு கமிட்டி உருவாச்சு. அதோட வாரிசு அமைப்பு, உலகத்துல ரொம்ப காலமா விடாம நடக்குற திரைப்பட ஆணையம் நாங்கதான்னு பெருமை பேசுது. செய்யற வேலை என்னவோ சாதாரணம்தான்: இடம் காட்டுறது, அனுமதிக்கு வழி சொல்றது, உள்ளூர் ஆட்களைப் பிடிச்சுக் கொடுக்கிறது. ஒரு யூனிட் வந்து இறங்கினா ஓட்டல் ரூம், சாப்பாடு, குதிரை, கூலின்னு காசு ஊருக்குள்ள புழங்குமே!

நடுவுல 1952ல சார்லி ஸ்டீன் பக்கத்துல யுரேனியம் கண்டுபிடிக்க, ஊருக்கே யோகம். அதுவும் நிலைக்கலை. 1984ல யுரேனிய ஆலையை மூடினாங்க. சுரங்கத்துல தோண்டினது தீரும், விலையும் விழும். பாறையைப் படம் பிடிச்சா பாறை குறையாது. அந்தப் பண்ணைக்காரர் கணக்கு தப்பலை.

எனக்கு உறுத்துறது வேற. இந்த ஊரு அதுவா நடிச்சதே அபூர்வம். ஃபோர்டோட 'ரியோ கிராண்டே'யில (1950) டெக்சாஸ் எல்லை. 'தி கிரேட்டஸ்ட் ஸ்டோரி எவர் டோல்ட்'ல (1965) இயேசு நடந்த மண். (மோவாப்ங்கிற பேரே பைபிள் பேர்தான், அதனால மன்னிச்சுடலாம் :-)) 'தெல்மா அண்ட் லூயிஸ்' (1991) கடைசியில கார் பாயுதே, கிராண்ட் கேன்யன்னு நினைச்சோமே, அது மோவாப் பக்கத்துப் பாறை விளிம்பு. 'ஜான் கார்ட்டர்'ல (2012) செவ்வாய் கிரகமே ஆயிடுச்சு!

உட்டா உட்டாவாவே வந்த படத்துக்கு நம்மாளு இசை: ஏ.ஆர். ரஹ்மானோட '127 அவர்ஸ்' (2010). மோவாப்ல இருந்து கொஞ்சம் தள்ளி இருக்குற ப்ளூ ஜான் கேன்யன்ல 2003ல நிஜமா நடந்த கதை. அதுலயும் கை மாட்டிக்கிற அந்தப் பாறை இடுக்கை, பெரும்பகுதி சால்ட் லேக் சிட்டியில செட் போட்டுத்தான் எடுத்தாங்க!