பின்வளவுத் திடலின் கதை

விடுதிச் சமையலறைக்கும் தேயிலைச் சரிவுக்கும் இடையே கிடக்கும் எமது நெட்போல் கோர்ட்டை அறியாத பழைய மாணவி இருக்க முடியாது. அதிபர்களின் வரலாறும் கட்டடங்களின் வரலாறும் இம்மலரில் வேறிடத்தில் உள்ளன. எம்மிடம் தரப்பட்டது, நூறு அடி நீளமும் ஐம்பது அடி அகலமுமான அந்த நிலத்தின் வரலாறு. மண், கொங்கிறீட், இப்போது செயற்கைப் புல் என மூன்று தரைகளை அது கண்டுவிட்டது. மூன்றாவதைத் தெரிவு செய்த குழுவில் நாமும் இருந்தோம், அதற்காக ஏச்சும் வாங்கினோம். ஆகவே இதனை நடுநிலையான வரலாறு என்று எவரும் கொள்ள வேண்டாம்.

வலைப்பந்தாட்டத்தின் பிறப்பிலேயே தரைக்குப் பங்குண்டு. 1891இல் அமெரிக்காவில் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியது உடற்பயிற்சி மண்டபத்துக்குள். அது சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் மேடம் ஒஸ்டர்பேர்க்கின் பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரிக்கு வந்தது. டார்ட்ஃபோர்டில் அக்கல்லூரி மாணவியர் அதனை வெளியே புல்வெளியில் ஆடினர். புல்லில், அதுவும் கணுக்கால் வரை நீண்ட பாவாடையுடன், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது எப்படி? எறிந்து பிடிப்பதே ஆட்டமாயிற்று. 1901இல் விதிகள் அச்சேறின. பின்னர் ஆசிரியைகளோடு ஆட்டமும் கப்பலேறி நாடு நாடாகச் சென்றது. 1960இல் பல நாட்டினர் கூடி விதிகளை ஒன்றாக்கி, சர்வதேச சம்மேளனத்துக்கு அடித்தளம் இட்டது எமது இலங்கையில்தான். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் நடந்த முதலாவது உலகப் போட்டியிலும் இலங்கை அணி ஆடியது.

எமது பின்வளவுக்கு வருவோம். மூத்த அக்காமார் ஆடியது சிவந்த மண்ணில். கோடுகளைச் சுண்ணாம்பால் இடுவார்கள், ஒரு மழையில் அவை போய்விடும். வடகீழ்ப் பருவமழை பதுளையில் தொடங்கினால் மூன்றாம் தவணை முழுவதும் சேறுதான். பசறை, ஹாலி எல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வந்த பிள்ளைகளுக்கு இருந்தது ஒரே ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து. அதைச் சேற்றில் இறக்கினால் மறுநாள் வகுப்புக்கு எதைப் போடுவது? வெறுங்காலோடு ஆடினார்கள். நாமும் அப்படித்தான் தொடங்கினோம்.

1990களின் நடுப்பகுதியில் கொங்கிறீட் வந்தது. பழைய மாணவியர் சங்கத்து அக்காமார் கலைவிழா நடத்திப் பணம் சேர்த்தார்கள். அதன் டிக்கட்டுகளை நாமும் லயன் லயனாக, கடை கடையாகக் கொண்டு திரிந்து விற்றோம். மழை விட்டு அரை மணி நேரத்தில் ஆடலாம், கோடு அழியாது, பந்து ஒழுங்காக எழும்பும் என்று பெருமைப்பட்டோம். அந்தப் பெருமை பொய்யல்ல. வலய மட்டத்தில் எமது அணி தலைநிமிர்ந்தது அதன் பிறகுதான்.

ஆனால் மரநிழல் விழும் பக்கத்தில் பாசி படர்ந்தது. வழுக்கினால் பிள்ளை கையை ஊன்றி விழும், மணிக்கட்டு முறியும். எமது வகுப்புத் தோழி, அணியின் ஷூட்டர், ஒரு மாலைப் பயிற்சியில் பந்தைப் பிடித்துத் தரையில் இறங்கியபோது முழங்கால் திரும்பிவிட்டது. வீக்கம் வற்றியதும் சரியாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். உள்ளே குறுக்காக ஓடும் தசைநார் அறுந்திருக்க வேண்டும் என்பது, மருத்துவ பீடத்தில் அந்தப் பாடத்தைப் படித்த அன்றுதான் எமக்கு விளங்கியது. அவள் அதன்பின் ஆடவில்லை. தோட்டத்தில் இறக்கம் இறங்கும்போது இன்றும் அந்தக் கால் மடங்குகிறதாம். இதை எழுத அனுமதித்தவள் பெயரை மட்டும் வேண்டாம் என்றாள்.

இதில் முழுப் பழியையும் கொங்கிறீட்டின் மேல் போட முடியாது. பந்து கைக்கு வந்ததும் ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது வலைப்பந்தின் விதி. முழு வேகத்தில் வந்தவள் ஒற்றைக் காலில் சட்டென நிற்கும்போது உடல் எடையைப் போல் பல மடங்கு விசை முழங்காலில் இறங்குகிறது. மரத்தளத்திலும் முழங்கால்கள் போவதுண்டு. இந்தத் தசைநார் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் அறுகிறது என்பதும் வைத்தியர்கள் அறிந்ததே. எனினும் மரத்தளம் சற்று வளைந்து கொடுக்கும். கொங்கிறீட் எதையும் கொடுக்காது.

நூற்றாண்டை முன்னிட்டு, வெடித்த கொங்கிறீட்டைப் புதுப்பிக்க லண்டன், டொரன்டோ, மெல்பேர்ன் கிளைகள் பணம் திரட்டின. மரத்தள உள்ளரங்கு எமது கைக்கு எட்டாதது. மீண்டும் கொங்கிறீட்டா, செயற்கைப் புல்லா என்று மாதக்கணக்கில் வாதம் நடந்தது. செயற்கைப் புல்லை ஏதோ பணக்காரர் மோகம் என்றார் ஒருவர். 1964இல் அது முதன்முதலாகப் பெரிய அளவில் விரிக்கப்பட்டது அமெரிக்காவின் புரொவிடன்ஸ் நகரிலுள்ள மோசஸ் பிறவுண் பாடசாலையில்தான் என்றோம். கொங்கிறீட் இருபத்தைந்து ஆண்டு கிடக்கும், விரிப்பைப் பத்தாண்டுக்குள் மாற்ற வேண்டிவரும், அப்போது யார் தருவார்கள் என்றார் பொருளாளர். அதற்கு எம்மிடம் உடனே பதில் இருக்கவில்லை.

இன்னும் கனமான வாதம் விளையாட்டு ஆசிரியையிடமிருந்து வந்தது. 1975இல் புல்தரையில் ஹொக்கி உலகக் கிண்ணத்தை வென்ற இந்தியா, மறு ஆண்டே மொன்றியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரையில் ஏழாம் இடத்துக்குப் போனது. “நம்ம பிள்ளைங்க மெத்தையில பழகிட்டு, வலயப் போட்டியில கொங்கிறீட்டுல நின்னா என்ன ஆகும் டொக்டர்?” என்று கேட்டார். தர்ஜினி சிவலிங்கத்தைப் போல் ஆசியக் கிண்ணம் தூக்கும் கனவோடு வரும் பிள்ளைக்குத் தரை பழகுவது சிறிய விடயமல்ல. ஆகவே போட்டிக்கு முந்திய வாரங்களில் அணி வெளியே கடினத் தரையில் பழகுவது என்று உடன்பட்டோம். இறுதியில் எம்மை முடிவெடுக்க வைத்தவர்கள் அணியில் இடம்பெறும் பத்துப் பேரல்லர். வெறுங்காலோடு வந்து ஆடிவிட்டுப் போகும் மற்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகள்.

நீளமான புல் பாதத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலைத் திருப்பிவிடும் என்பதால், குட்டைப் புல்லில் மணல் நிரப்பிய வகையைத் தெரிந்தோம். பழைய டயர்த் துகள் வேண்டாம் என்றோம். அது வெயிலில் இன்னும் சூடாகும், மழையில் கழுவுண்டு கீழே ஓடைக்குப் போகும். மணல் வகையும் நண்பகலில் வெறுங்கால் வைக்க முடியாத அளவு சுடத்தான் செய்கிறது. பயிற்சி காலையிலும் மூன்றரை மணிக்குப் பின்னும் மட்டுமே நடக்கிறது.

அக்காமாரின் கொங்கிறீட்டை உடைப்பார்கள் என்ற பேச்சு மெல்பேர்ன் வரை போய்ச் சிலர் மனம் நொந்தார்கள். அவர்களுக்குச் சொல்கிறோம்: அது உடைக்கப்படவில்லை. வெடிப்புகளை அடைத்து, நீர் வடியத் துளையிட்டு, அதிர்ச்சி தாங்கும் மெத்தை பரப்பி, அதற்கு மேல்தான் விரிப்பு கிடக்கிறது. நாம் டிக்கட் விற்ற சீமெந்து இன்னும் அடியில் இருக்கிறது. அடுத்த விரிப்புக்கென ஒரு வங்கிக் கணக்கும் திறந்தாயிற்று. பொருளாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் அதன் மீதியை முதலில் வாசிக்கிறார்.

மழைக்குப் பின் மணல் சமையலறைப் பக்க மூலையில் ஒதுங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் ஒன்பதாம் தரப் பிள்ளைகள் தும்புத்தடிகளோடு வந்து அதைத் திரும்பப் பரப்புகிறார்கள்.