பில் இருக்கா?

மண்டபத்தூரிலிருந்து காரைக்கால் கடைத்தெருவுக்குப் பழைய தோட்டை விற்கப் போகும் நம் அம்மாக்களிடம் "பில் இருக்கா?" என்கிறார்கள். பாட்டி போட்டிருந்த தோட்டுக்கு ஏது பில்? அவர்கள் தயங்கும்போதே விலை இறங்கிவிடுகிறது. அப்புறம் கல், அழுக்கு, பற்று என்று கழிவு வேறு. புதிதாக வாங்கியபோது சேதாரம் கொடுத்ததும் நாம்தான்.

தோழர்களே, இந்தச் சந்தேகம் பழையது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய கோலார் தங்கவயலில் ஆழத்தில் இறங்கித் தோண்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து போன தலித்துகள். தோண்டியவர்களையே தங்கத் திருடர்களாகப் பார்த்தார்கள். 1930இல் தொழிலாளர்களிடம் கைரேகை எடுக்கக் கிளம்பியபோது சுரங்கமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அந்தப் போராட்டத்தை நம் பாடநூல்களில் தேடிப் பாருங்கள்!

16.6.2021 முதல் கடைக்காரர் விற்கும் நகைக்கு ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது. முத்திரை இல்லாத பழைய நகையை நாம் விற்க அது தடையல்ல. அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் கட்டணம் கட்டி யாரும் மாற்றுப் பார்க்கலாம். அந்தச் சீட்டைக் கையில் வாங்கி, கண்ணெதிரே எடை போடச் சொல்லி, அன்றைய விலையைக் கேட்ட பிறகே தோட்டைக் கழற்றச் சொல்லுங்கள். படித்த பிள்ளைகள் கூடவே போங்கள்.