கோலாரில் இறங்கி ஊட்டிக்கு ஏறிய குழாய்

ஆறு மீற்றர் நீளம், பத்துச் சென்ரிமீற்றர் சதுர வாய். நடுவே ஒரு மெல்லிய கம்பி. சுற்றிலும் ஆர்கனும் மெதேனும் கலந்த வாயு. மின்னேற்றமுள்ள துகள் ஊடுருவினால் கம்பியில் ஒரு துடிப்பு எழும். அந்த இரும்புக் குழாய்க்கு வேறு வேலை தெரியாது.

1980களில் இத்தகைய குழாய்களைக் கோலார் தங்கச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீற்றர் ஆழத்தில் அடுக்கினார்கள். புரோத்தன் சிதையுமா என்று தாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தாரும் யப்பானியரும் அங்கே காத்திருந்தார்கள். உறுதியான விடை வரவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஆய்வு முடிய, குழாய்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லை. 2,200 மீற்றர் உயரத்தில் உள்ள ஊட்டிக்குப் போயின. அங்கே கிரேப்ஸ்-3 என்ற ஆய்வகத்தின் மியூவோன் தொலைநோக்கி அவற்றைக் கொண்டு எழுந்தது. இன்று அதில் 3,712 குழாய்கள், 560 சதுர மீற்றர் பரப்பில், இரண்டு மீற்றர் கொங்கிறீற்றுக்கு அடியில் கிடக்கின்றன.

இங்கேதான் குழாயின் வேலை நுட்பமாகிறது. விண்வெளியிலிருந்து வரும் புரோத்தன் வளிமண்டலத்தில் மோதினால் துகள் மழை பொழியும். அதில் கொங்கிறீற்றையும் துளைத்துச் செல்லும் மியூவோன் துகள்கள் நிறைய. காமாக் கதிர் மோதினாலும் மழைதான், ஆனால் மியூவோன்கள் மிகக் குறைவு. வெளியே திடலில் பரப்பிய உணரிகள் பெருமழையைப் பதிவு செய்யும்போது கீழே குழாய்கள் ஏறக்குறைய மௌனமாக இருந்தால், வந்தது காமாக் கதிராகலாம். புரோத்தனின் பாதையைக் காந்தப்புலங்கள் வளைத்துவிடும், அதனால் பிறந்த இடம் தெரியாது. காமாக் கதிர் நேராக வரும். அதன் திசையைப் பிடித்தால் ஊற்றைப் பிடித்துவிடலாம். குழாயின் மௌனம் இவ்வளவு பெறுமதியானது என்பதே என்னை வியக்க வைக்கிறது.

மியூவோன் எண்ணும் இதே வழியில்தான் திபெத்தில் சீன-யப்பானியக் குழு நண்டு நெபுலாவிலிருந்து 100 இலட்சம் கோடி இலத்திரன்வோற்றைத் தாண்டிய கதிர்களை 2019இல் அறிவித்தது. 2021இல் சீனாவின் லாசோ ஆய்வகம், நம் பால்வீதியில் அத்தகைய 12 ஊற்றுகளைக் காட்டியது. மார்கழியில் மழை வெளித்த முன்னிரவில் தம்பிலுவில் கடற்கரையில் நின்றால், கிழக்கே இடபத்தின் கொம்பு நுனிக்கருகே அந்த நண்டு இருக்கும் இடம் தெரியும். நெபுலாவைக் காணத் தொலைநோக்கி வேண்டும்.

பால்வீதியின் மையமோ தென்வானில் உள்ளது. லாசோவைவிட ஊட்டிக்கு அது உயர்ந்து தோன்றும். முதலாவதன் அளவிலேயே இரண்டாவது மியூவோன் தொலைநோக்கிக்கான குழாய்களையும் ஊட்டியிலேயே செய்தார்கள்.