தங்கவயல் லைன் வீடும் ரோமாபுரிக் குழந்தை வீடும்

கோலார் என்றதும் எல்லாருக்கும் தங்கம்தான் நினைவுக்கு வருகிறது. தமிழ் படித்தவர்களுக்கு நன்னூலும் நினைவுக்கு வர வேண்டும். பவணந்தி முனிவரை அந்நூல் செய்யச் சொன்ன சீயகங்கன், குவளாலபுரத்தைத் தன் பட்டப்பெயரில் வைத்திருந்த கங்க மரபினன். குவளாலபுரம் என்பது கோலாரின் பழம்பெயர். ஆசிரியன் எப்படி இருக்க வேண்டும், மாணாக்கன் எப்படிக் கேட்க வேண்டும் என்று அந்நூலின் பொதுப்பாயிரம் விரிவாகப் பேசுகிறது. அன்னம், பசு முதலாக ஆடு, எருமை, பன்னாடை வரை மாணாக்கர் வகையைப் பிரித்தும் காட்டுகிறது. ஆனால் அதெல்லாம் இலக்கணம் கற்க வந்த வளர்ந்த பிள்ளைக்கு. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஏடு தொடக்கும் நாள் வரை அது தாயின் பொறுப்பு, பாட்டியின் பொறுப்பு என்று பழைய உலகம் விட்டுவிட்டது.

நான் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளன் அல்லன். ராபர்ட்சன்பேட்டையில் சிலேட்டும் பலப்பமும் விற்ற கடைக்காரன். எங்கள் முன்னோர் வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சிலேட்டு வாங்க வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, இந்த வயதுக் குழந்தைக்கு உலகத்தில் யார் யார் என்ன செய்தார்கள் என்று தேடிப் படிக்கும் பழக்கம் வந்தது.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் உலகம் நம்மிடமிருந்தும் கற்றிருக்கிறது. 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை ஆசிரமப் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைச் செய்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் வளர்த்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அங்கே அதற்குப் பெயரே 'மெட்ராஸ் முறை' என்றாயிற்று. கட்டணம் இல்லாத மணல், சம்பளம் கேட்காத சட்டாம்பிள்ளை. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த இங்கிலாந்துக்கு அது பிடித்துப் போனதில் வியப்பில்லை.

அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பின் அப்படிக் கற்றுக்கொள்ளப் புறப்பட்டவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் ஆசிரியர் பயிற்சி பெற்றவர் அல்லர். 1896-இல் ரோமில் பட்டம் பெற்ற மருத்துவர். அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கு வழி தேடி, பிரான்ஸ் நாட்டு இட்டார், செகேன் ஆகியோரின் நூல்களைத் தேடிப் படித்தார். செகேனின் நூலைத் தம் கையாலேயே இத்தாலியில் பெயர்த்து எழுதினார் என்றால் அந்த உழைப்பைப் பாருங்கள். அங்கே கற்றதைத்தான் பிறகு எல்லாக் குழந்தைகளுக்கும் பயன்படுத்திப் பார்த்தார்.

அந்த வாய்ப்பு வந்த விதம்தான் தங்கவயல்காரனாகிய என்னை உலுக்கியது. ரோமில் சான் லோரென்சோ என்ற கூலிக்காரர் பகுதி. அங்கே பழைய கட்டடங்களைச் செப்பனிட்டு ஏழைக் குடும்பங்களை ஒரு வீட்டு நிறுவனம் குடிவைத்தது. தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விட, பள்ளி வயது வராத பிள்ளைகள் நாள் முழுக்க மாடிப்படியில் ஓடி, சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். சுவரைக் காப்பாற்ற வேண்டும். அதற்குப் பிள்ளைகளை ஒரு அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இப்படித்தான் 1907 ஜனவரி 6-ஆம் நாள், ஏறத்தாழ ஐம்பது குழந்தைகளோடு 'குழந்தை வீடு' திறக்கப்பட்டது. உலகப் புகழ்பெற்ற ஒரு கல்வி முறை பிறந்தது கூலிக்காரர் குடியிருப்பின் கீழ்த்தளத்தில்!

இப்போது நம் லைன் வீட்டை நினைத்துப் பாருங்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. வடஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது என்றெல்லாம் பெருமை பேசுகிறோம். மேலே வீடு என்னவோ ஒரே அறைதான். இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா பகலில் தூங்கியாக வேண்டும். ஆகவே சின்னதுகள் வெளியே. நடுத்தெருவிலும் சையனைடு மணல்மேட்டின் அடியிலும் அவர்கள் பகல் கழிந்தது. படிப்பில் நம்மவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிகுப்பமும் சாம்பியன் ரீப்சும் பெரும் துணை. அவருடைய 'தமிழன்' இதழ் 1926-இல் தங்கவயலிலிருந்துதான் மறுபடி வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளி காசு போட்டுப் பத்திரிகை படித்த ஊர் இது. ஆனாலும் அது எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்களுக்கான உலகம். மூன்று வயதுப் பிள்ளை இங்கும் விட்டுப்போயிற்று.

மாண்டிசோரி அம்மையார் நம் பக்கம் வந்தது 1939 நவம்பரில். சென்னை அடையாறில் பிரம்மஞான சபையின் அழைப்பு. அருண்டேலும் ருக்மணி தேவியும் வரவேற்றார்கள். முதல் பயிற்சிக்கு ஏறத்தாழ 300 பேர் வந்தார்கள். அவர் இத்தாலியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மாரியோவை ஆங்கிலேய அரசு அகமத்நகர் முகாமில் அடைத்தது. அம்மையாருக்கு எழுபது வயது நிறைந்த நாளில், ஆகஸ்ட் 31 அன்று, விடுவித்தது. பின்னர் கொடைக்கானலில் இரண்டாண்டு தங்கினார்கள். போர் முடிந்து போய், திரும்பி வந்து, 1949 வரை இந்தியத் தொடர்பு நீடித்தது. அவருடைய புகழ்பெற்ற 'உறிஞ்சும் மனம்' நூல் அடையாறிலிருந்துதான் 1949-இல் வெளிவந்தது. அதில் அவர் சொல்வது: சிறு குழந்தை மொழியை யாரும் கற்பிக்காமலே சுற்றத்திலிருந்து உள்வாங்கிக்கொள்கிறது. நம் லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் கலந்தடித்து விளையாடும் நாலு வயதுப் பிள்ளையைப் பார்த்த எவருக்கும் இதற்குச் சாட்சி வேண்டாம். வெளி மாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருந்தால் போதும். கன்னடம் கற்பதால் தமிழ் குறையாது.

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். கூலிக்காரர் குடியிருப்பில் பிறந்த முறை இந்தியாவில் பெரும்பாலும் வசதிபடைத்தோர் பள்ளியாகிவிட்டது. கடைக்காரன் கண்ணால் பார்க்கிறேன். பத்து சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை சரியாக இழைத்த பத்து மரக்கட்டைகள் கொண்ட இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒரு சாதனம். அளவு பிசகினால் பயனில்லை. நல்ல தச்சன் கூலியே எங்கோ போய்விடும். 1931 அக்டோபரில் லண்டன் மாண்டிசோரி கல்லூரியில் பேசிய காந்தியடிகளும், இந்தப் பயிற்சி பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் எட்ட வேண்டும் என்றே கேட்டுக்கொண்டார்.

அதைச் செய்து காட்டியவர் தாராபாய் மோடக். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவோடு மாண்டிசோரி முறையில் உழைத்தவர். 1945-இல் மும்பைக்கு வடக்கே போர்டிக்கும், பிறகு கோஸ்பாட் மலைக்கும் போனார். அனுதாய் வாக் உடன் நின்றார். அங்கே வார்லி பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே பள்ளியே அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போனது. மாடு மேய்க்கும் பிள்ளைக்கு மேய்ச்சல் வெளியிலேயே பாடம். தம்பியை இடுப்பில் தூக்கி வந்த அக்காவைத் திருப்பி அனுப்பவில்லை, தம்பிக்கும் இடம். விலையுயர்ந்த மரக்கட்டைக்குப் பதில் கூழாங்கல், கிளிஞ்சல், இலை, களிமண். முற்றத்துக்கு மராத்தியில் 'அங்கண்'. அங்கன்வாடி என்ற சொல்லை இன்று கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை சொல்கிறார்கள். என் கணிப்பில் பெல்லையும் மாண்டிசோரியையும்விட நம் லைனுக்கு நெருக்கமானவர் இந்த அம்மையார்தான்.

1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 இடங்களில் தொடங்கியது. அங்கன்வாடி அரசு நிறுவனமானது அதன் வழியாகத்தான். சத்துணவு, தடுப்பூசி, பாட்டு, விளையாட்டு எல்லாம் ஒரே இடத்தில் என்பது நல்ல ஏற்பாடு. சாப்பாடு நின்றுவிட்டது, பாடம்தான் நிற்கவில்லை என்று சிலர் கேலி பேசுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பசித்த குழந்தைக்குச் சோறும் கல்விதான்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் தங்கவயலின் ஷிப்ட் ரயிலில் ஏறிவிட்டது. விடியுமுன் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் வண்டியில் அப்பாவோடு அம்மாவும் போகிறாள். கார்மென்ட்ஸ், கடை, வீட்டு வேலை என்று முடித்து இருட்டிய பிறகே திரும்புகிறாள். அங்கன்வாடியோ பகல் நேரத்து நிறுவனம். அதற்கு முன்னும் பின்னும் குழந்தை, பாட்டி இருந்தால் பாட்டியிடம். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில். சான் லோரென்சோவில் 1907-இல் இருந்த அதே நிலைமை.

2023-இல் கர்நாடக அரசு, வேலை உறுதித் திட்டத்தில் உழைக்கும் பெண்களின் குழந்தைகளுக்காக 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் காப்பகம் திறப்பதாக அறிவித்தது. அதற்கு வைத்த பெயர் 'கூசின மனெ'. கன்னடம் தெரிந்த நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையின் வீடு என்று பொருள். ரோமில் வைத்த பெயரும் அதுவே. ஆனால் திட்டம் கிராமப் பஞ்சாயத்துக்கு உரியது. ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் லைன்களும் நகராட்சியில் இருக்கின்றன.